மூளை இட்ட கட்டளை – 6: இரண்டு மணி முதல் நாலு மணி வரை

போன வாரம் முயலோடு நிறுத்தினேன். ஞாபகம் இருக்கும். கலவி முடிந்த ஒரு நிமிஷத்துக்குள் டிபெனமைன் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் முயல் முட்டை விடாது. சில நிமிஷம் தாமதித்துப் போட்டால் ஊசி வீண். பத்து மணி நேரம் கழித்து முட்டை வந்தே தீரும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் மூளையிலிருந்து ஏதோ ஒரு கட்டளை பிட்யூட்டரியை நோக்கிக் கிளம்பிவிடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில், டியூக் பல்கலைக்கழகத்தில், மார்க்கீயும் சாயரும் அதைப் பிடித்துவிட்டார்கள்.

பிடித்தார்கள், சரி. ஆனால் ஓர் எதிர்வாதம் வாசலிலேயே நின்றது.

முயல்தானே?

ஆண் வந்து சேர்ந்தால்தான் முயல் முட்டை விடும். சேர்க்கை என்பது தொடுதல், மணம், பார்வை எல்லாம் சேர்ந்தது. அதில் மூளைக்கு வேலை இருப்பதில் என்ன அதிசயம்? முயல் ஒரு விதிவிலக்கு. பூனை, ஃபெர்ரெட் என்று அதற்குக் கூட்டாளிகள் சிலர் உண்டு, அவ்வளவுதான். எலியைப் பாருங்கள். ஆண் வாசனையே படாமல் தனிக் கூண்டில் கிடந்தாலும் நாலைந்து நாளுக்கொரு முறை தானாக முட்டை விடுகிறது. பசுவும் அப்படி. மனுஷியும் அப்படி. அங்கே மூளைக்கு என்ன வேலை?

இந்த எதிர்வாதத்துக்குப் பின்னால் பலமான ஆட்கள் இருந்தார்கள். சிகாகோவின் கார்ல் மூரும் டோரதி பிரைஸும் 1932-லேயே கணக்கை முடித்து வைத்திருந்தார்கள். பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்டும். சினைப்பை ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் திரும்பி வந்து பிட்யூட்டரியை அடக்கும். அடங்கியதும் ஹார்மோன் குறையும், மறுபடி பிட்யூட்டரி எழும். இரண்டு பேர் மாறி மாறி ஆடும் ஆட்டம். மூன்றாவது ஆள் தேவையே இல்லை.

அழகான கணக்கு. அதில் பாதி உண்மை இருந்தது. பாதி உண்மையைத் தோற்கடிப்பது முழுப் பொய்யைத் தோற்கடிப்பதைவிடக் கஷ்டம்.

தோற்கடிக்க வேண்டுமென்றால் முயலை வைத்து முடியாது. எலியை வைத்துத்தான் முடியும்.

டியூக்கில் எலிக்கென்றே ஓர் ஆள் இருந்தார். ஜான் எவரெட். 1932-லிருந்தே அங்கே உடற்கூறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். மார்க்கீ துறைத் தலைவர். சாயர் முயலின் மூளையில் மின்சாரமும் மருந்தும் பாய்ச்சிப் பார்த்த இளைஞர். எவரெட் எலியின் நாட்குறிப்பை மனப்பாடமாக வைத்திருந்தவர். அவரிடம் ஒரு விசித்திரமான எலிப் பரம்பரை இருந்தது. அதில் பெண் எலிகள் வளர வளர நிரந்தரப் பருவத்தில் மாட்டிக்கொள்ளும். தினமும் பருவம், ஒரு நாளும் முட்டை இல்லை. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கொடுத்தால் சக்கரம் மறுபடி சுழலும் என்று அவர் முன்பே கண்டிருந்தார். இரவே இல்லாமல் விளக்கு எரியும் அறையில் சாதாரண எலிகளுக்கும் இதே கதி நேரும் என்பதும் தெரிந்த செய்தி.

இதை யோசித்துப் பாருங்கள். விளக்கை அணைக்க மறந்தால் சினைப்பை வேலையை நிறுத்துகிறது. சினைப்பைக்குக் கண் இருக்கிறதா என்ன?

கண் இருப்பது மூளைக்கு.

அதோடு இன்னொன்று. ஐந்து நாள் சக்கரம் உள்ள எலிக்குச் சரியான சமயத்தில் புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் முட்டை முன்கூட்டியே வருகிறது. எத்தனை மணி நேரம் முன்கூட்டி? ஆறு, பதினொன்று, பதினேழு என்று கண்டபடி இல்லை. ஏறத்தாழ ஒரு முழு நாள். இருபத்துநாலு மணி நேரம் என்ற எண் எவரெட்டின் குறிப்பில் அப்போதே வந்து உட்கார்ந்துவிட்டது. யாரோ மணி பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் இங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

இப்போது மூன்று பேரும் கைகோத்தார்கள். முயலுக்குப் போட்ட அதே ஊசியை எலிக்குப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு.

ஆனால் எப்போது போடுவது?

இதுதான் சிக்கல். முயலில் கலவி என்ற தொடக்கக் கோடு இருந்தது. அந்த நொடியிலிருந்து கடிகாரத்தை ஓட்டலாம். தனிக் கூண்டில் கிடக்கும் பெண் எலிக்கு எது தொடக்கக் கோடு? நாலைந்து நாளில், நூற்றுச் சொச்சம் மணி நேரத்தில், எந்த மணியில் மூளை பேசுகிறது? அது பேசுகிறதா என்பதே தெரியாதபோது?

முதல் வேலை, எலியின் நாளைக் கட்டுக்குள் கொண்டுவருவது. கொட்டகையில் காலை 5 மணிக்கு விளக்கு எரியும். இரவு 7 மணிக்கு அணையும். தினமும் இதே. தினமும் காலையில் ஒவ்வொரு எலியின் யோனியிலிருந்தும் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். உட்கரு தெளிவாகத் தெரியும் செல்கள் கூட்டமாக வந்தால் இன்று முன்பருவ நாள். நாளை அவை உட்கரு இழந்து காய்ந்த செதிலாக மாறியிருக்கும், அதுதான் பருவம். இரண்டுக்கும் நடுவில் வரும் இரவில், விடியலுக்கு முந்தைய இருட்டில், முட்டைகள் சினைப்பையை விட்டு வெளியே வரும்.

அப்படியானால் கட்டளை அந்த முன்பருவ நாளில்தான் எங்கோ ஒளிந்திருக்க வேண்டும்.

முன்பருவ நாள் என்று உறுதியான எலிகளைப் பிரித்தார்கள். சிலவற்றுக்கு அன்று சீக்கிரமாக ஊசி, சிலவற்றுக்குத் தாமதமாக ஊசி. மறுநாள் எலியைக் கொன்று, கருக்குழாயைத் திறந்து, முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. ஓர் எலி, ஒரு பதில். அதே எலியிடம் இரண்டாவது கேள்வி கேட்க முடியாது. ஆய்வுக்கூடத்து எலியின் வாழ்க்கையைப் பற்றி நான் இனிப்புத் தடவி எழுதப் போவதில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் உயிர் போயிற்று.

பதில் வந்தது.

பிற்பகல் 2 மணிக்கு முன்னால் ஊசி போட்ட எலிகளில் முட்டை இல்லை. 4 மணிக்குப் போட்ட எலிகளில் முட்டை இருந்தது.

இரண்டு மணி நேரம்!

நாலைந்து நாள் சக்கரத்தின் மொத்த விதியும் ஒரே ஒரு பிற்பகலின் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிக் கிடந்தது. முட்டை வருவதோ நள்ளிரவு தாண்டி. அதற்கு எத்தனையோ மணி நேரம் முன்பே, எலி கூண்டின் மூலையில் தூங்கி வழியும் மத்தியான வேளையில், தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்களில் ஒரு வக்கீல் இருப்பார். எனக்குத் தெரியும். எழுந்து கேட்பார்: 'மருந்து மூளையைத் தடுத்தது என்று எப்படிச் சொல்கிறீர்? அது சினைப்பையையே முடக்கியிருக்கலாமே?'

நல்ல கேள்வி. பதில் அந்த 4 மணி எலியிடம் இருக்கிறது. மருந்து சினைப்பையை முடக்குவதாக இருந்தால், 4 மணி ஊசியும் முடக்க வேண்டும். ஏனென்றால் 4 மணிக்கு முட்டை இன்னும் சினைப்பைக்குள்தான் இருக்கிறது. வெளியே வர ஒன்பது பத்து மணி நேரம் பாக்கி. ஆனாலும் வந்தது. ஆக, மருந்து சினைப்பையைத் தொடவில்லை. சினைப்பைக்குப் போகவேண்டிய செய்தியைத்தான் தொட்டது. 4 மணிக்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்கப்புறம் எந்த ஊசி போட்டும் பயனில்லை.

இது 1949-இல் அச்சேறியது. மூர், பிரைஸ் கணக்கில் மூன்றாவது ஆள் நுழைந்தாயிற்று.

வேறு யாராவது என்றால் இதோடு மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எவரெட்டும் சாயரும் போகவில்லை. அவர்களை உறுத்தியது வேறொரு விஷயம்.

தடுக்கப்பட்ட எலிக்கு அப்புறம் என்ன ஆகிறது?

டிபெனமைன் கரடுமுரடான மருந்து. இந்தக் கேள்விக்கு மென்மையான ஆயுதம் வேண்டும். மூளையைச் சில மணி நேரம் மட்டும் தூங்கவைத்து, பின் சேதமில்லாமல் விட்டுவிடும் ஒன்று. பார்பிச்சுரேட் இருந்தது. மருத்துவமனைகளில் மனிதர்களைத் தூங்கவைத்த அதே குடும்பம். அதில் பென்டோபார்பிட்டால் என்ற மருந்து.

முன்பருவ நாள். மணி இரண்டு.

ஊசி இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் எலி துவண்டு படுக்கிறது. 2 முதல் 4 வரையிலான அந்த நேரம் அதன் தலைக்கு மேலே ஓடிப் போகிறது. மாலைக்குள் மருந்தின் பிடி தளர்கிறது. எலி எழுகிறது, தண்ணீர் குடிக்கிறது, கூண்டில் நடக்கிறது. மூளை விழித்துவிட்டது. பிட்யூட்டரியில் ஹார்மோன் நிறைந்து நிற்கிறது. சினைப்பையில் முட்டைகள் பழுத்து நிற்கின்றன. எல்லாரும் தயார்.

இப்போது என்ன நடக்கும்?

இரண்டு வழி இருந்தது. ஒன்று, மூளை விழித்ததும் விட்ட வேலையைத் தொடரலாம். சாயங்காலம் 6 மணிக்கோ 7 மணிக்கோ கட்டளை போகும். முட்டை சில மணி நேரம் தாமதமாக வரும். தாமதமே தவிர வேறு நஷ்டமில்லை. இரண்டாவது, இந்தச் சக்கரமே பாழ். முட்டைகள் வாடும். அடுத்த சக்கரம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை கருக்குழாய்களைத் திறந்தார்கள். முட்டை இல்லை. முதல் வழி அடைபட்டது.

இரண்டாவது வழிதான் என்று நினைப்பீர்கள்.

அதுவும் இல்லை.

அதற்கடுத்த நாள் காலை திறந்த எலிகளில் முட்டை இருந்தது! சரியாக ஒரு நாள் தாமதம். மூளை சாயங்காலமே விழித்துவிட்டது; ஆனாலும் பேசவில்லை. இரவு முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலை பேசவில்லை. மறுநாள் பிற்பகல் வரை காத்திருந்து பேசியது.

நம்ம ஊர் ரேஷன் கடை ஷட்டர் மாதிரி. நேரத்துக்குப் போகவில்லையா, கார்டும் பணமும் கையில் இருந்தாலும் நாளைக்கு அதே நேரத்துக்குத்தான் வரவேண்டும்.

இது தற்செயல் இல்லையென்று எப்படி நம்புவது? எவரெட்டும் சாயரும் இரண்டாம் நாளும் ஊசியை எடுத்தார்கள். முதல் நாள் தடுக்கப்பட்ட எலிக்கு இரண்டாம் நாளும் பிற்பகல் 2 மணிக்கு ஊசி. முட்டை இன்னொரு நாள் தள்ளிப்போனது. ஆனால் இரண்டாம் நாள் 4 மணி கடந்து ஊசி போட்டால் பலிக்கவில்லை; அன்றிரவே முட்டை. அதே ஜன்னல். அதே இரண்டு மணி நேரம். மூன்றாம் நாளும் தடுத்தால் காத்திருந்து காத்திருந்து முட்டைப் பைகளே நலியத் தொடங்கும். மூளைக்குப் பொறுமை இருந்தது. சினைப்பைக்கு இல்லை.

1950-இல் இந்தக் கட்டுரை வெளிவந்தது. இருபத்துநாலு மணி நேரத் தாளம் என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள். பெண் எலியின் இனப்பெருக்கத்தை நடத்துவது ஒரு கடிகாரம். அது சினைப்பையில் இல்லை. பிட்யூட்டரியில் இல்லை. மேலே, மூளையில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், இந்தத் தொடரில் வந்த, இனி வரப்போகிற எல்லாச் சோதனைகளிலும் இதுதான் அழகு. மண்டையைத் திறக்கவில்லை. மின்கம்பி செருகவில்லை. லட்சக்கணக்கில் பன்றி மூளை அரைக்கவில்லை (அது வரப்போகிறது, பொறுங்கள்). ஒரு சிரிஞ்சு, ஒரு மைக்ராஸ்கோப், சுவரில் ஒரு கடிகாரம். மூளைக்குள் ஒளிந்திருந்த நேரத்தைச் சுவரில் தொங்கிய நேரத்தால் பிடித்தார்கள்.

ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போகிறேன். கடிகாரம் தினமும் ஓடுகிறது என்றால், ஏன் தினமும் முட்டை வரவில்லை? ஏன் நாலைந்து நாளுக்கொரு முறை மட்டும்?

இங்கேதான் மூரும் பிரைஸும் வைத்திருந்த பாதி உண்மை கைகொடுக்கிறது. கடிகாரம் தினமும் பிற்பகல் அடிக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் போதிய அளவு ஏறியிருந்தால்தான் அந்த மணி பிட்யூட்டரிவரை கேட்கும். முட்டை பழுக்கப் பழுக்கச் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைக் கூட்டிக்கொண்டே போகும். 'நான் தயார்' என்று கீழிருந்து மேலே போகும் தகவல் அது. மேலே இருப்பவர் அதைக் கேட்டுக்கொள்கிறார். ஆனால் உடனே கையெழுத்துப் போடுவதில்லை. தன் நேரம் வரட்டும் என்கிறார்.

இதை மிச்சிகனில் சாண்ட்ரா லீகனும் ஃப்ரெட் கார்ஷும் 1975-இல் நேரடியாகவே காட்டினார்கள். சினைப்பையை நீக்கிவிட்டு, ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்து கசியவிடும் குப்பியை எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். முட்டையை விடச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்பும் எல்.ஹெச். ஹார்மோன் எலியின் ரத்தத்தில் பொங்கியது. ஒரு நாள் மட்டுமல்ல, தினமும். ஒவ்வொரு பிற்பகலும். எவரெட்டும் சாயரும் ஹார்மோனை அளக்க வழியே இல்லாத காலத்தில், முட்டை வந்ததா வரவில்லையா என்று மட்டும் பார்த்து ஊகித்ததை, கால் நூற்றாண்டு கழித்து ரத்தமே சொல்லிவிட்டது.

கடிகாரம் இருக்கும் இடமும் 1972-இல் பிடிபட்டது. கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு நேர் மேலே, ஹைபோதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் அடிவாரத்தில், ஒரு ஜோடி நுண்ணிய செல் கொத்துகள். அவற்றை அழித்தால் எலிக்கு இரவு பகல் தெரிவதில்லை. பிற்பகல் பொங்குதலும் நின்றுபோகிறது. விளக்கு எரிந்தே கிடந்தால் ஏன் முட்டை நிற்கிறது என்று ஆரம்பத்தில் கேட்டோமே, அந்தக் கேள்வி கடைசியில் இந்த விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மத்தியானத் தூக்கத்துக்கும் குழந்தைப் பேறுக்கும் முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் யாராவது கிளம்பிவிடாதீர்கள். இது எலியின் கதை. மனிதக் குடும்பத்துக்கு நெருங்கிய குரங்கில் இந்தப் பிற்பகல் ஜன்னல் இப்படி இல்லை. அங்கே சினைப்பையின் குரலுக்குச் செல்வாக்கு அதிகம். பிட்ஸ்பர்க்கில் நோபில் என்றொருவர் குரங்குகளோடு அதைச் சண்டைபோட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறார். அது பல வாரம் தள்ளி.

சாயர் 1951-இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். எவரெட் டியூக்கிலேயே தங்கிவிட்டார். லாஸ் ஏஞ்சலஸில் சாயர் இருந்த அதே பல்கலைக்கழகத்தில் கிரிட்ச்லோ என்ற இளைஞர் சில வருடம் கழித்து ஒரு காரியம் செய்தார். பென்டோபார்பிட்டால் போட்டுத் தூங்கவைத்த எலியின் ஹைபோதலாமஸில் மெல்லிய மின்சாரம் செலுத்தினார். எலி தூக்கத்திலேயே முட்டை விட்டது! மூளையின் மேல் மாடி அணைந்துகிடந்தாலும் ஹைபோதலாமஸைத் தட்டினால் போதும், பிட்யூட்டரி கீழ்ப்படிகிறது.

கட்டளை இருக்கிறது. கட்டளையின் நேரம் தெரியும். கட்டளை எந்த வட்டாரத்திலிருந்து கிளம்புகிறது என்பதும் தெரியும்.

இப்போது பெரிய கேள்வி.

அது எந்த வழியாகப் போகிறது?

நரம்பு வழியாக என்பீர்கள். மூளை வேறெப்படிப் பேசும்? ஆனால் பிட்யூட்டரியின் முன்பகுதியை அறுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் எத்தனை தேடினாலும் ஹைபோதலாமஸிலிருந்து வரும் நரம்பு இழை அங்கே அநேகமாக இல்லை. தந்திக் கம்பியே இல்லாத வீட்டுக்குத் தந்தி போய்ச் சேர்கிறது!

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தண்டு. அந்தத் தண்டின்மேல் கொடிபோல இறங்கும் சில ரத்தக் குழாய்கள். கட்டளை ரத்தத்தில்தான் இறங்குகிறது, அது ஒரு ரசாயனம், என்று சத்தியம் செய்கிறார் இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ்.

பொய் என்கிறார் பர்மிங்ஹாமின் சாலி சக்கர்மன். சாதாரண ஆளில்லை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் தளபதிகளுக்கே ஆலோசனை சொன்னவர். அவர் கையில் ஒரு பெண் ஃபெர்ரெட் இருக்கிறது. அதன் தண்டை வெட்டியாகிவிட்டது. ரத்தக் குழாய்கள் மறுபடி முளைக்கவில்லை என்கிறார். இருந்தும் அந்த ஃபெர்ரெட் பருவத்துக்கு வந்துவிட்டது என்கிறார்.

அது உண்மையென்றால் ஹாரிஸ் கட்டிய மொத்தமும் சரிந்தது.

அடுத்த வாரம் அந்த ஃபெர்ரெட்டைப் பார்ப்போம். வந்துவிடுங்கள்.